ஆளுக்கு ஐந்து பொட்டு

நகராண்மைக் கழகத்திலிருந்து வந்தவர்
ஆளுக்கு ஐந்து ஒட்டுப்பொட்டு கொடுத்தார்.
சிவப்பு. விரல்நுனி அகலம்.
எதை நிறுத்தலாமோ அதில் ஒட்டுங்கள்,
முடிவு உங்களுடையது என்றார்
மலாயில். அப்புறம் ஒரு பெண் அதையே சீனத்தில்.
தமிழுக்கு என்னைப் பார்த்தார்கள்.

"அடுத்த வருசம் எண்பதாயிரம் வெள்ளி குறையுதாம்.
எதை வெட்டலாம்னு நம்மளையே கேக்குறாங்க."

மூன்றாம் வரிசையில் பூங்கோதை சிரித்தாள்:
"கூட்டுறப்ப கேட்டாங்களா?"
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஜெலுத்தோங், சி புளோக், கீழ்த்தளக் கூடம்.
மின்விசிறி நான்கு, சுற்றுவது மூன்று.
சுவரில் ஏழு தாள்கள்:
படிக்கட்டு விளக்கு, கொசுப்புகை,
ஊஞ்சல் பழுது, சனிக்கிழமை டியூசன்,
மாதம் ஒருமுறை வரும் மருத்துவ வண்டி,
இரண்டாவது லிஃப்ட்,
இரவுக் காவல்.
ஒவ்வொன்றின் கீழும் சென் வரைக்கும் கணக்கு.

பொட்டு வைத்தால் நிலைக்கும் என்றுதான்
நம் வீடுகளில் வழக்கம்.
நிலைப்படிக்கு வைப்போம், புது அடுப்புக்கு வைப்போம்,
தவணையில் எடுத்த மோட்டார் சைக்கிளுக்கும் வைப்போம்.
இங்கே வைத்தால் போய்விடும்.
கை அதற்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பழகிவிட்டது.
பிள்ளை இல்லாத வீடுகள் ஊஞ்சல் பக்கம் போயின.
பிள்ளை உள்ளவர்கள்
யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டார்கள்.
பதினேழாம் மாடி ருகாயா
முழங்காலைப் பிடித்தபடி லிஃப்டைத் தாண்டி நடந்தார்.
கொசுப்புகைத் தாளின் அருகே
கைகட்டி நின்றிருந்தார் குணசீலன்.
ஜூன் மாதம் அவர் மகனைக் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும்.
அந்தத் தாள் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

பஸ் ஓட்டி ஓய்ந்த தியோ எழுந்தார்.
"எட்டாவது தாள் எங்கே?
உங்கள் கார்களுக்கு மேலே கூரை போட்டீர்களே, அது?"
"அது வேறு ஒதுக்கீடு, அங்கிள்."
தியோ தலையாட்டினார்.
ஐந்து பொட்டையும்
வெறும் சுவரில் ஒட்டிவிட்டு உட்கார்ந்தார்.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்: செல்லாதவை ஐந்து.

யாருடைய குழந்தையோ ஒன்று
கீழே கிடந்ததை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டது.
அதன் அம்மா பாய்ந்து வந்து
பிய்த்தெறிந்தாள்.
குழந்தை அழுதது. யாரும் சிரிக்கவில்லை.

என் ஐந்தில் மூன்று இரவுக் காவலுக்கு.
நியாயம் வைத்திருந்தேன்:
விளக்கு வேண்டும். லிஃப்ட் வேண்டும்.
டியூசனுக்கு என் மகன் போகிறான்.
காவல்காரருக்கு இங்கே வீடு இல்லை,
பொட்டும் இல்லை, கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை.
எல்லாருக்கும் இதே நியாயம் தோன்றியிருக்க வேண்டும்.
தாள் சிவந்து போயிருந்தது.

கறிபாப் தீர்ந்ததும் நாற்காலி அடுக்க வந்தார் தில் பகதூர்.
சீருடைக்கு மேல் மழைக்கோட்டு.
எங்கள் எழுத்து அவருக்குப் பழக்கமில்லை.
பொட்டு பழக்கம்தான், அவர் ஊரிலும் மங்கலம்தானாம்.
ஏழு தாளையும் பார்த்துக்கொண்டே வந்து
அந்தத் தாளின் முன்னால் நின்றார்.
"அக்கா, இதில்தான் நிறைய.
இதுதானே ஜெயித்தது?"

மாலை முழுக்க இரண்டு மொழியில் பேசியவள் நான்.
தலையை அசைத்தேன் என்று நினைக்கிறேன்.
எந்தப் பக்கமாக அசைத்தேன் என்பது நினைவில்லை.

எந்தத் தாளிலிருந்து விழுந்ததோ,
தரையில் ஒரு பொட்டு.
குனிந்து எடுத்தார். தூசியை ஊதினார்.
அந்தத் தாளிலேயே, காலியாக இருந்த ஓரத்தில்,
கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டினார்.

அதிகாரி பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
நாற்பது.

கூடத்தைப் பூட்டச் சொல்லி
சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு
நாங்கள் எல்லாரும்
லிஃப்டுக்கு வரிசையில் நின்றோம்.